எலிக்கு விரதம் சரி, அம்மாவுக்கு?

காவிரிக் கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கிச் சொல்கிறேன்.

அவருக்கு வயது 43, வங்கி வேலை. அம்மாவுக்கு 69. போன வருடம் அல்சைமர், ஆரம்பநிலை என்று நரம்பியல் மருத்துவர் சொல்லி டோனெபெசில் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். சர்க்கரை 14 வருடமாக இருக்கிறது, அதற்கு மெட்ஃபார்மினும் கிளிமிப்பிரைடும் சேர்ந்த மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், மார்க் மேட்சன் என்ற மூளை ஆராய்ச்சியாளரின் கட்டுரைகளை ஒவ்வொன்றாக அனுப்ப ஆரம்பிக்க, இவர் முப்பதுக்கு மேல் இறக்கிப் படித்து, கோடு போட்டு, நோட்டில் குறிப்பெடுத்து, கடைசியில் மூன்று வாரம் முன்பு அம்மாவுக்குத் தினமும் 16 மணி நேர விரதத்தை ஆரம்பித்துவிட்டார். இரவு ஏழு மணிக்குச் சாப்பாடு முடிந்தால் அடுத்த வாய் சோறு மறுநாள் பதினொரு மணிக்குத்தான். மாத்திரை நேரம் மட்டும் மாறக் கூடாது என்று காலை ஏழு மணிக்கே கொடுத்துவிடுகிறார்.

கடிதத்தில் ஒரு இடம்: "அம்மா எழுந்ததும் அடுப்படிக்குப் போய் ஃபில்டரைத் தேடுகிறார். ஃபில்டர், டபரா, காபித்தூள் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். மறந்துவிடுவார் என்று நினைத்தேன். காபியை மட்டும் மறக்கவில்லை, கேட்டுக் கேட்டு அழுகிறார்."

எட்டு மாதத்தில் அம்மாவின் எடை 54 கிலோவிலிருந்து 49 ஆகியிருக்கிறது. இப்போது காலை பத்து மணி வாக்கில் வியர்த்துப்போய், மந்தமாக, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறாராம். நோய் அடுத்த கட்டத்துக்குப் போகிறதோ என்று பயம். அவர் கேட்பது இவை: விரதத்தைத் தொடரலாமா, நேரத்தை இன்னும் கூட்ட வேண்டுமா? அல்சைமர் ஆராய்ச்சியே மோசடி என்று செய்தி வந்ததே, அப்படியானால் டோனெபெசிலை நிறுத்திவிடலாமா? தனக்கும் இந்த நோய் வருமா, ஜீன் பரிசோதனை செய்துகொள்ளலாமா? அப்புறம் கடைசி வரியில், "இதையெல்லாம் ஐந்து வருடம் முன்பே படித்திருந்தால் அம்மாவைக் காப்பாற்றியிருக்கலாமோ?"

இனி உங்களிடமே பேசுகிறேன்.

முதலில் அவசரமான விஷயம், இந்தப் பதிலை முழுக்கப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். விரதத்தை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் அம்மாவுக்குப் பத்து மணிக்கு வருவது அல்சைமரின் அடுத்த கட்டம் இல்லை, பெரும்பாலும் லோ சுகர். கிளிமிப்பிரைடு என்ன செய்கிறது என்றால், கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. இரவு மாத்திரைக்குப் பிறகு பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு, அதன் மேல் காலை ஏழு மணிக்கு இன்னொரு மாத்திரை, அதன் மேல் இன்னும் நாலு மணி நேரம் பட்டினி என்றால், வியர்வையும் மந்தமும் பேச்சில்லாமல் உட்காருவதும் வருவதில் ஆச்சரியமே இல்லை. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கும், 14 வருடச் சர்க்கரை வீட்டில் இல்லாமல் இருக்காது. அந்த மந்தம் வரும் நேரத்தில் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறிய பிறகு சாப்பாடு கொடுங்கள். அரை மயக்கத்தில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், நேரே மருத்துவமனை. இந்த மாத்திரையால் வரும் லோ சுகர் ஒருமுறை சரியானாலும் சில மணி நேரத்தில் திரும்ப வரும் குணம் உள்ளது, அதனால் "சரியாகிவிட்டது" என்று அன்றைக்கு வேலைக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

சாதாரணமாக ஒருவருக்குச் சர்க்கரை இறங்கினால் கை நடுங்குகிறது, படபடப்பாக இருக்கிறது என்று அவரே சொல்லிவிடுவார். மறதி நோயாளி சொல்ல மாட்டார், சொல்லத் தெரியாது. என் கிளினிக்குக்கு "திடீர்னு மோசமாயிடுச்சு டாக்டர்" என்று ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார்கள், மூளை ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேட்டார்கள். விரலில் குத்திப் பார்த்தால் 48. குளுக்கோஸ் ஏறிய அரை மணி நேரத்தில் அவர் தன் செருப்பு எங்கே என்று கேட்டார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஆராய்ச்சி படிக்கிறவர் என்பதால்: 2009-இல் வடக்கு கலிஃபோர்னியாவில் 16,667 சர்க்கரை நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு வெளிவந்தது. மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கு லோ சுகர் வந்தவர்களுக்குப் பிற்பாடு டிமென்ஷியா என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது, எத்தனை முறை வந்ததோ அத்தனைக்கு அதிகம். எது எதற்குக் காரணம் என்பதில் விவாதம் உண்டு, ஆனால் மூளையைக் காப்பாற்றுவதற்காகச் சர்க்கரையை இறங்கவிடுவது என்பது தலைகீழான வைத்தியம்.

மேட்சனை நீங்கள் முழுதாகப் படிக்கவில்லை

இதைக் குறையாகச் சொல்லவில்லை. முப்பது கட்டுரை படித்திருக்கிறீர்கள், பல டாக்டர்கள் அவ்வளவு படித்திருக்க மாட்டார்கள். மேட்சனும் ஏதோ காணொளியில் பிழைப்பு நடத்துகிற ஆள் இல்லை. பால்டிமோரில் இருக்கும் அமெரிக்க தேசிய முதுமையியல் நிறுவனத்தில் நரம்பியல் ஆய்வகத்தை 2000 முதல் 2019 வரை நடத்தியவர், உலகத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் நரம்பியல் ஆய்வாளர்களில் ஒருவர். விரதம் அவருடைய வேலையில் ஒரு பாகம்தான். 1992-இலேயே, அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் நரம்பு செல்லுக்குள் கால்சியத்தின் கட்டுப்பாட்டைக் குலைக்கிறது, அதனால் குளுட்டமேட் என்ற ரசாயனத்துக்கு அந்தச் செல் எளிதில் பலியாகிறது என்று காட்டியவர்களில் அவரும் ஒருவர். அவர் காலை உணவைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். உங்களைக் கவர்ந்தது அதுதான் என்று நினைக்கிறேன். சொல்வதைச் செய்கிற மனிதர்.

சரி, அந்த எலிக் கட்டுரைக்கு வருவோம், உங்கள் நோட்டில் மூன்று நட்சத்திரம் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, 2007-இல் வந்தது, அதற்கு. அதில் வரும் எலிகள் சாதாரண எலிகள் இல்லை. மனிதனின் மூன்று கெட்டுப்போன ஜீன்களைத் திணித்து உருவாக்கிய வகை, 2003-இல் கலிஃபோர்னியாவின் அர்வைனில் உருவாக்கியது, அப்படி உருவாக்கியதைச் சொன்ன 2003 கட்டுரையிலும் மேட்சனின் பெயர் உண்டு. மூன்றில் ஒரு ஜீன், நரம்பு செல்லுக்குள் முடிச்சாகச் சேரும் டௌ என்ற புரதத்துக்கானது, அதில் செய்த பிழை அல்சைமரில் காணப்படும் மாற்றமே இல்லை, வேறொரு வகை டிமென்ஷியாக் குடும்பங்களில் காணப்படுவது. உங்கள் அம்மா மாதிரி 68 வயதில் நோய் தெரிய வரும் ஆட்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இருக்காது. அந்த எலிகளில் சிலவற்றுக்கு விட்டு விட்டு விரதத்தையும், சிலவற்றுக்குத் தினமும் குறைந்த தீனியையும் இளம் வயதிலேயே ஆரம்பித்து, 10 மாதத்திலும் 17 மாதத்திலும் தண்ணீர்த் தொட்டியில் நீந்தவிட்டு, மறைந்திருக்கும் மேடையைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்தார்கள். விரத எலிகள் நன்றாகவே செய்தன. ஆனால் மூளையைத் திறந்து பார்த்தபோது, தினமும் குறைவாகத் தின்ற எலிகளுக்குத்தான் அமிலாய்டும் டௌவும் குறைந்திருந்தன. விட்டு விட்டுப் பட்டினி இருந்த எலிகளுக்குக் குறையவில்லை. "விரதம் மூளை அழுக்கைக் கழுவுகிறது" என்று உங்கள் அண்ணன் எழுதிய வரிக்கு அந்தக் கட்டுரையே சாட்சி சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்ததே அந்த இடம்தான். புரதம் அப்படியே இருக்க நடத்தை மட்டும் மேம்பட்டது எப்படி என்பது இன்னும் நல்ல கேள்வி.

அப்புறம் ஒரு கணக்கு. எலியின் ஆயுளே இரண்டு, இரண்டரை வருடம். ஒரு நாள் முழுப் பட்டினியில் அது தன் எடையில் பத்தில் ஒரு பங்கைக்கூட இழந்துவிடும். 49 கிலோ அம்மாவுக்கு அது ஒரே நாளில் ஐந்து கிலோவுக்குச் சமம். எலியின் ஒரு நாளும் மனிதரின் ஒரு நாளும் ஒன்று இல்லை.

உங்கள் பட்டியலில் இல்லாத கட்டுரை ஒன்று இருக்கிறது, 2010-இல் வந்தது, அதையும் எழுதியவர்களில் மேட்சன் ஒருவர். அதில் சொல்வது இதுதான்: ஆய்வகத்தில் ஒப்பீட்டுக்காக வைத்திருக்கும் "சாதாரண" எலிகள் சாதாரணமாகவே இல்லை. நாள் முழுக்கத் தீனி, ஓட இடமில்லாத கூண்டு, கொழுத்து, சர்க்கரை ஏறி, நோயாளியாகக் கிடக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டால் விரதம் இருந்த எலி ஆரோக்கியமாகத்தான் தெரியும். அதாவது, உட்கார்ந்தே தின்று பெருத்த ஒருவருக்குச் சாப்பாட்டைக் குறைத்தால் நல்லது. எட்டு மாதத்தில் ஐந்து கிலோ இளைத்த, எலும்பு தெரிய ஆரம்பித்திருக்கிற பெண்மணிக்கு? அந்த எலியின் கதையில் உங்கள் அம்மாவே இல்லை. அதைப் படிக்கும் நமக்கு வேண்டுமானால் இடம் இருக்கலாம்.

2019 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ரஃபேல் டி காபோவோடு சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரை உங்களிடம் இருக்கிறது என்று தெரிகிறது, அதிலிருந்துதான் கல்லீரலில் சேமித்த சர்க்கரை தீர்ந்து, கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன் என்ற எரிபொருளுக்கு உடம்பு மாறும் கணக்கை எடுத்திருக்கிறீர்கள். அதன் பின்பகுதிக்குப் போங்கள். மனிதரில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் அதிக எடை உள்ள இளவயதினரிடமும் நடுவயதினரிடமும் நடந்தவை, அதில் கண்ட பலனையும் பாதுகாப்பையும் மற்ற வயதினருக்குப் பொருத்திப் பார்க்க முடியாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த வரியில் நீங்கள் கோடு போட்டிருக்க மாட்டீர்கள். அந்த ஒரு வரி போதும் எனக்கு, வேறு யாரும் வந்து மேட்சனை மறுக்க வேண்டியதில்லை.

மனிதரில் நேரடியாக மூளையைப் பார்த்த ஆய்வும் வந்துவிட்டது, 2024-இல், மேட்சனும் அதில் உண்டு. நாற்பது பேர். வயது 55 முதல் 70 வரை, அதிக எடை, இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடல், ஆனால் மறதி நோய் யாருக்கும் இல்லை. பாதிப் பேருக்கு வாரத்தில் இரண்டு நாள் மிகக் குறைந்த சாப்பாடு, மீதிப் பேருக்கு வழக்கமான ஆரோக்கிய உணவு ஆலோசனை, எட்டு வாரம். இரண்டு கூட்டத்துக்குமே ஸ்கேனில் மூளையின் வயது கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. ஞாபகத்திலும் திட்டமிடும் திறனிலும் விரதக் கூட்டத்துக்குச் சில சோதனைகளில் கூடுதல் பலன் இருந்தது. ஆனால் முதுகுத்தண்டு நீரில் பார்க்கும் அல்சைமர் அடையாளங்கள் எந்தக் கூட்டத்திலும் மாறவில்லை. நல்ல, நேர்மையான, சின்ன ஆய்வு. இதில் எந்த வரியும், ஏற்கெனவே அல்சைமர் வந்து, இளைத்துக்கொண்டிருந்து, கிளிமிப்பிரைடு சாப்பிடும் 69 வயது பெண்மணியைப் பட்டினி போடச் சொல்லவில்லை.

"நம் முன்னோர் இருந்தார்களே" என்பதைப் பற்றி

அம்மா முப்பது வருடமாக ஏகாதசி இருக்கிறவர், உடம்பு பழகியது என்கிறீர்கள். மாதம் இரண்டு நாள், அதுவும் பால், பழம், சில வீடுகளில் அவல் உப்புமா என்று போகிற ஏகாதசிக்கும் தினம் 16 மணி நேரத்துக்கும் நிறைய தூரம். ஏகாதசி அம்மாவுக்கு மனதில் ஒட்டியிருக்கிற விஷயம் என்றால் அதை எடுத்துவிடாதீர்கள், கிழமையும் திதியும் மறந்துபோகிற காலத்தில் "இன்னிக்கு ஏகாதசி" என்று அவரே சொல்வதில் ஒரு பிடிமானம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு மாத்திரை எப்படி என்பதைச் சர்க்கரை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலோ பழமோ உள்ளே போகட்டும். வீட்டு வழக்கப்படி நோயாளிக்கும் வயதானவருக்கும் விரதத்தில் விலக்கு உண்டு என்பது உங்கள் பாட்டிக்கே தெரிந்திருக்கும்.

கோபித்துக்கொள்ளாமல் இன்னொன்றைக் கேளுங்கள். நான்கு பக்கக் கடிதத்தில் அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டதாக ஒரு வரியும் இல்லை. ஆரம்பநிலையில் இருப்பவர், ஆளை அடையாளம் தெரிகிறது, பேசுகிறார், வேண்டும் வேண்டாம் சொல்கிறார். காபி வேண்டும் என்று அழுவது, அவருடைய பதில். மறதி வந்துவிட்டது என்பதற்காக அது செல்லாத பதில் ஆகிவிடாது.

டோனெபெசிலை நிறுத்தலாமா?

மோசடிச் செய்தி உண்மைதான். 2006-இல் நேச்சர் இதழில் மினசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. அமிலாய்டின் ஒரு குறிப்பிட்ட வடிவம்தான் எலிகளின் ஞாபகத்தைக் கெடுக்கிறது என்றது. அதன் படங்கள் திருத்தப்பட்டவை என்ற சந்தேகத்தை வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர் மேத்யூ ஷ்ராக் எழுப்பினார், சயின்ஸ் இதழ் 2022 ஜூலையில் விரிவாக எழுதியது, 2024-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பதினெட்டு வருடம். எங்கள் துறைக்கு அது அவமானம்தான், அதில் மழுப்புவதற்கு எதுவும் இல்லை.

ஆனால் அங்கிருந்து "அல்சைமர் ஆராய்ச்சி முழுக்கப் பொய்" என்று தாவினால் அது தப்பு. கெட்டுப்போனது அமிலாய்டின் ஒரு வடிவத்தைப் பற்றிய ஒரு கதை. அமிலாய்டுதான் குற்றவாளியோ என்ற சந்தேகம் முதலில் எழுந்த காரணங்கள் வேறு: 1991-இல் சில குடும்பங்களில் அமிலாய்டின் மூலப் புரதத்துக்கான ஜீனிலேயே பிழை இருப்பதைக் கண்டார்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அந்த ஜீன் ஒன்று கூடுதலாக இருந்து நாற்பதுகளிலேயே மூளையில் அமிலாய்டு படிந்துவிடுகிறது. அவை அப்படியே நிற்கின்றன. சமீபத்தில் வந்த லெக்கானெமாப் என்ற ஊசி மருந்தும் அந்த 2006 கட்டுரையிலிருந்து பிறக்கவில்லை, ஸ்வீடனின் உப்சாலாவில் வேறு தடத்தில் வந்தது. அதன் பலனும் பெரிதாகச் சொல்லும்படி இல்லை என்பது வேறு விஷயம். 18 மாதத்தில், 18 புள்ளி அளவுகோலில் வித்தியாசம் அரைப் புள்ளிக்கும் குறைவு, மூளை வீக்கமும் கசிவும் வருகிறதா என்று அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். நீங்கள் அதைக் கேட்கவில்லை, விட்டுவிடுகிறேன்.

உங்களுக்கு முக்கியம் இதுதான்: உங்கள் அம்மா சாப்பிடும் டோனெபெசிலுக்கும் அமிலாய்டுக்கும் சம்பந்தமே இல்லை. அல்சைமர் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் குறைந்துபோகிறது என்று எழுபதுகளில் கண்டுபிடித்தார்கள். இருக்கிற கொஞ்சத்தையும் சீக்கிரம் சிதையவிடாமல் இந்த மாத்திரை தடுக்கிறது, 1996-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. நோயை நிறுத்தாது, பலன் சிறியது, சிலருக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் பிரிட்டனில் 295 நோயாளிகளை வைத்து நடத்தி 2012-இல் வெளியான ஆய்வில், நோய் முற்றிய நிலையில்கூட மாத்திரையைத் தொடர்ந்தவர்களின் நினைவும் அன்றாட வேலைகளும் நிறுத்தியவர்களைவிடக் கொஞ்சம் மேலாக இருந்தன.

அதே சமயம் டோனெபெசில் பசியைக் குறைக்கும், எடையைக் குறைக்கும். மெட்ஃபார்மினும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்து பசியை அமுக்கியிருக்க, அதற்கு மேல் நீங்கள் வேறு சாப்பாட்டைப் பூட்டிவைத்திருக்கிறீர்கள். எடைக்காக டோனெபெசிலின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டிவரலாம், சிலருக்கு நிறுத்தவும் வேண்டிவரலாம், அதை உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் எடைக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். செய்தியைப் பார்த்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

சர்க்கரை மருத்துவரை நாளையே பாருங்கள், பத்து மணி மந்தத்தைச் சொல்லுங்கள், மூன்று வாரப் பட்டினியையும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். மறதி நோய் உள்ள முதியவருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை (HbA1c) 7-க்குக் கீழே பிடித்துவைக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 8-க்குக் கீழே இருந்தால் போதும் என்பதுதான் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டலும். கிளிமிப்பிரைடுக்குப் பதிலாக லோ சுகர் தராத வேறு மாத்திரை உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள்.

ரத்தத்தில் பி12 பார்த்தாயிற்றா? நெடுநாள் மெட்ஃபார்மின் அதைக் குறைக்கும், அந்தக் குறையே மறதியைக் கூட்டும், ஊசியில் சரிசெய்யலாம். கூடவே தைராய்டு. பல் வலியோ, செட்டுப் பல் தளர்ந்துபோனதோ இருக்கிறதா என்றும் பாருங்கள், எடை குறைவதற்கு அல்சைமரைத் திட்டுவதற்கு முன் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். எட்டு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை போனது சாதாரண விஷயம் இல்லை, அதில் விரதம் மூன்று வாரம்தான், மீதி ஏழு மாதம் எதனால் என்று யாராவது பார்த்தாக வேண்டும்.

சாப்பாட்டு விஷயம்: எவர்சில்வர் தட்டில் வெள்ளை இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்தால், இந்த நோயில் கண்ணுக்குப் பிரித்தறிவது கஷ்டம், தட்டு பளபளக்கும், இட்லி தெரியாது, "சாப்பிட மாட்டேங்கிறா" என்று நாம் சொல்வோம். பச்சையோ நீலமோ அழுத்தமான நிறத்தில் ஒரு தட்டு வாங்குங்கள், தக்காளிச் சட்னி ஊற்றுங்கள். ஒரு நேரத்துக்கு ஒரு பண்டம் வையுங்கள். பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள், பார்த்துப் பார்த்து அவர் கையும் போகும். பருப்பு, முட்டை சாப்பிடுவார் என்றால் முட்டை, கேழ்வரகுக் கஞ்சியில் பால், முருங்கைக்கீரை என்று கொஞ்சமாக ஐந்து வேளை. அண்ணன் சொன்னாரென்று தினம் நாலு கரண்டி தேங்காயெண்ணெய் குடிக்க வைப்பதையும் நிறுத்துங்கள், அது அம்மாவுக்கு வயிற்றுப்போக்கைத்தான் கொடுக்கும்.

உங்களைப் பற்றி

43 வயதில், சர்க்கரை இல்லாதவராக, கொஞ்சம் எடை கூடியவராக இருக்கும் நீங்கள் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடித்துக் காலை எட்டு ஒன்பதுக்குச் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மேட்சனின் ஆய்வுகள் யாருக்காவது பொருந்தும் என்றால் அது உங்கள் மாதிரி ஆளுக்குத்தான். செய்யுங்கள், அம்மாவை இழுக்காமல் செய்யுங்கள்.

ஜீன் பரிசோதனை விஷயத்தில் என் அபிப்பிராயம், வேண்டாம். ஏபோஈ4 என்ற ஜீன் வகையின் பிரதி ஒன்று இருந்தால் வாய்ப்பு மூன்று மடங்கு வரை கூடும், இரண்டு இருந்தால் இன்னும் அதிகம், ஆனால் இரண்டு இருந்தும் வராதவர்கள் இருக்கிறார்கள், ஒன்றுகூட இல்லாமல் வந்தவர்கள் நிறைய. முடிவு எதுவாக வந்தாலும் நீங்கள் செய்யப்போகிற வேலை ஒன்றுதான். ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வது, காது மந்தமானால் கருவி வைத்துக்கொள்வது, நடை, கெட்ட கொழுப்பைக் குறைப்பது. லான்செட் இதழின் குழு 2024-இல் இப்படி 14 காரணிகளைப் பட்டியலிட்டது, அத்தனையையும் சரிசெய்தால் உலகத்தில் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் கணிப்பு. அது மொத்த மக்கள்தொகைக்கான கணக்கு, உங்கள் அம்மாவின் கணக்கு இல்லை. அதை வைத்து "ஐந்து வருடம் முன்பே" என்று உங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஐந்து வருடம் முன்பு நீங்கள் படித்திருந்தாலும் அந்தக் கட்டுரைகளில் அம்மாவுக்கான மருந்து இல்லை, இன்றைக்கும் இல்லை.

அண்ணனுக்கு இந்தப் பதிலை அனுப்புங்கள். அடுத்த முறை கட்டுரை அனுப்புவதற்கு முன்னால், அதில் இருப்பது எலியா மனிதரா, என்ன வயது, நோய் வந்தவரா வராதவரா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நாலு வரி அவரே எழுதி அனுப்பட்டும். முடிந்தால் இரண்டு வாரம் லீவு போட்டு வந்து அம்மாவோடு இருக்கட்டும், உங்களுக்கு அது முப்பது கட்டுரையைவிட உதவும்.

பீரோவைத் திறந்து ஃபில்டரை எடுத்து வையுங்கள். நாளைக் காலை ஆறரைக்குக் காபி, சர்க்கரை இல்லாமல், பால் கொஞ்சம் தூக்கலாக. அம்மாவுக்கு இன்னும் கை பழக்கம் இருந்தால் டிகாஷனை அவரே இறக்கட்டும், அடுப்புப் பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். ஏழரைக்கு இட்லி. மருத்துவரைப் பார்த்து மாத்திரை மாறும்வரை, அம்மா சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் சர்க்கரை மாத்திரை, ஒருவேளை சாப்பிடாமல் எழுந்துவிட்டால் மாத்திரை கொடுக்காமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே தராசில் எடை பார்த்து, அந்த நோட்டிலேயே மறுபக்கத்தில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள்.